வலது மேல் மூலையில் ஒரு சதுரம்

அரசு மருத்துவமனையில் படிக்கட்டுக்குக் கீழே இருந்த எக்ஸ்ரே அறையில் அவர் இருபத்தேழு வருடங்கள் வேலை பார்த்தார். ஊரில் பாதிப் பேருடைய எலும்பை அவர் பார்த்திருக்கிறார். முகத்தை வைத்து யாரையும் ஞாபகம் இருக்காது. "மூச்சை இழுங்க, அடக்குங்க, விடுங்க" என்பதற்கு மேல் அவர் நோயாளிகளிடம் அதிகம் பேசுவதில்லை. எல்லோரும் அவரை எக்ஸ்ரே என்றே கூப்பிட்டார்கள். அவருடைய மனைவிகூடக் கடைக்காரரிடம் "எங்க வீட்டு எக்ஸ்ரே வந்து வாங்கிப்பாரு" என்றுதான் சொல்வார்.

ஃபிலிம் சுத்தமாக எடுப்பார். அதில் என்ன தெரிகிறது என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் சொல்லக் கூடாது. வலியோடு படுத்திருப்பவர் "என்னங்க, உடைஞ்சிருக்கா?" என்று கேட்டால், "டாக்டர் சொல்வாரு" என்று சுவரைப் பார்த்தபடி பதில் சொல்வார். மாடியில் ஒரு டாக்டர் இருந்தார். அவர் தேநீர் குடித்துக்கொண்டே ஃபிலிமை ஒரு கணம் தூக்கிப் பார்த்து, இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவார். சில சமயம் அந்த இரண்டு வரி தவறாக இருக்கும். இருபத்தேழு வருடங்களில் ஒரு ஃபிலிமுக்குக்கூட இவர் தன் கண்ணால் கண்டதை எழுதி, அதன் கீழே தன் பெயரைப் போட்டதில்லை. பணத்தாள்களோடு அவருக்கு இருந்த உறவைப் புரிந்துகொள்ள இதைத் தெரிந்துகொண்டால் போதும்.

அது துறைமுக ஊர். விரல் நசுங்கிய கப்பல்காரர்கள் வருவார்கள். அவர்களில் ஒருவன் ஒருநாள் நன்றிக்காக ஒரு நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனான். எந்த நாட்டுடையது என்று எக்ஸ்ரேவுக்குத் தெரியவில்லை. எழுத்து தெரியவில்லை, அதிலிருந்த தாடிக்காரரைத் தெரியவில்லை. நூலகத்துக்குப் போய் மூன்று சாயங்காலம் தேடிக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்த அந்த நிமிடம் "டாக்டர் சொல்வாரு" என்று சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் இருந்தது. அதிலிருந்து தொடங்கியது. பதினைந்து வருடத்தில் நூற்றுப் பதினாறு நாடுகள், எழுநூற்றுச் சொச்சம் தாள்கள், ஆறு ஆல்பங்கள்.

நோட்டைக் கையில் எடுத்ததும் அவர் படத்தைப் பார்க்கமாட்டார். படம் ஏமாற்றும் என்பார். முதலில் எண்கள். வேறு எழுத்தில் இருந்தாலும் எண்கள் எங்காவது ஓர் ஓரத்தில் நமக்குத் தெரிந்த உருவத்திலும் இருக்கும். பிறகு கையெழுத்துகள், எந்த அதிகாரி எந்த வருடம் பதவியில் இருந்தார் என்பதை வைத்து அச்சான காலத்தைச் சொல்லிவிடலாம். கடைசியாக ஃபிலிம் பார்க்கும் வெளிச்சப் பெட்டியில் வைத்து உள்ளே இருக்கும் வாட்டர்மார்க். வேலை இல்லாத மதியங்களில், நெஞ்சுக்கூட்டுப் படங்கள் மாட்டும் அதே பெட்டியில், யாரோ ஒரு ராணியின் முகம் ஒளிர்ந்துகொண்டிருக்கும்.

அவரிடம் ஒரு கெட்ட வழக்கம் இருந்தது. நோட்டுகளைக் கழுவுவார். இருட்டறையில் ஃபிலிமை மருந்துத் தட்டுகளில் அலசி எடுத்துப் பழகிய கை. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு, ஒட்டகமுடித் தூரிகையால் வருடி, மை ஒற்றும் தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்குவார். நோட்டு புதுசு போல வரும். வெளிநாட்டில் இருந்த ஒரு சேகரிப்பாளரோடு அவர் தபாலில் நோட்டு மாற்றிக்கொள்வது உண்டு. அந்த மனிதர் ஒருமுறை, கழுவிய நோட்டுகளைத் தயவுசெய்து எனக்கு அனுப்பாதீர்கள் என்று எழுதியிருந்தார். எக்ஸ்ரே சிரித்துவிட்டார். "அழுக்கைச் சேத்து வெக்கிறதுக்குப் பேரா சேகரிப்பு?"

மனைவிக்கு இதில் எதுவும் பிடிபடவில்லை. "உலகத்துல இருக்கற ராஜா அத்தனை பேரும் எங்க பீரோவுலதான் குடியிருக்காங்க. ஒருத்தன்கூட ஒரு கிலோ வெங்காயம் வாங்கித் தரமாட்டேங்கறான்" என்பார். அவர் கோபப்பட்டதில்லை. மகள் கல்யாணமாகிப் போனபிறகு அந்த வீட்டில் பேச்சு குறைந்திருந்தது. அந்த ஒரு கிண்டலாவது மிச்சம் இருந்தது.

ஒரு மழை மாதத்தில், துறைமுகத்துக் கற்சுவரில் ஓர் ஆணின் உடல் ஒதுங்கியது. தண்ணீரில் பல நாட்கள் கிடந்திருக்கிறது. முகம் இல்லை. கைரேகை எடுக்கத் தோலும் இல்லை. எலும்பின் ஒரு துகளை வைத்து ஆளைச் சொல்லும் வசதி அந்த ஊருக்கு வந்திராத காலம். சட்டையின் உள்பக்கம் கையால் தைத்த ஒரு சின்னப் பை இருந்தது. அதற்குள் எட்டாக மடிந்து, கட்டியாக ஒட்டிப்போன ஒரே ஒரு காகிதம். பணத்தாள் என்று மட்டும் தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு எக்ஸ்ரே அறைக்கு வந்தார். கனத்த உடம்பு, நகைச்சுவை பேசியே களைத்த முகம்.

"சார், உங்களுக்குப் புது நோயாளி. மூச்சை இழுக்கச் சொன்னா இழுக்காது."

எக்ஸ்ரே உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பிரிச்சாத்தான் சொல்ல முடியும். அவசரப்பட்டா கிழிஞ்சிடும்."

"உங்க இஷ்டம். பிணவறையில இடம் கம்மி. எந்த ஊர்க்காரன்னு தெரிஞ்சா அந்த நாட்டுக்கு எழுதிப் போட்டுருவேன். சொந்தக்காரங்க யாராவது வருவாங்க." கதவு வரை போனவர் திரும்பினார். "வாயால சொன்னாப் போதாது. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க. ஃபைல்ல சேக்கணும்."

எழுதிக் கையெழுத்துப் போட்டு. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் சட்டையைக்கூட மாற்றாமல் தட்டில் தண்ணீர் நிரப்பினார். தாளை மிதக்கவிட்டுக் காத்திருந்தார். மடிப்புகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. தூரிகையின் நுனியால் நெம்பினார், மறுபடி காத்திருந்தார். இரண்டு மணி நேரத்தில் நோட்டு முழுதாக விரிந்தது. கடல் உப்பும் சேறும் தட்டில் கலங்கின. நகத்தளவு ஒரு சவ்வு போன்ற துணுக்கு மிதந்து வந்து அவர் விரலில் ஒட்டியது. பையின் துணி நூலாக இருக்கும் என்று உதறினார். எடுத்த காரியத்தில் கண்ணாக இருந்தார்.

நோட்டைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. அந்த நாட்டுத் தாள் அவருடைய நாலாவது ஆல்பத்தில் ஏற்கெனவே ஒன்று உண்டு. எண்கள், கையெழுத்து, பாலத்தின் படம், வாட்டர்மார்க்கில் கோதுமைக் கதிர், எல்லாம் பொருந்தின. ஆறு வருடம் முன்பு அந்த நாடு இரண்டாகப் பிரிந்தது. சின்னத் துண்டு தனி நாடானது. அதுவும் அவருக்குத் தெரியும். சின்ன நாடு அச்சடித்த புது நோட்டும் அவரிடம் இருந்தது. அது வேறு நிறம், வேறு படம். ஆகவே இது பெரிய நாட்டுடையது. அறிக்கையில் ஒரு பென்சில் படமும் வரைந்தார். 'வலது மேல் மூலையில் வெளிறிய சிறு சதுரம். மடிப்பில் ஏற்பட்ட தேய்மானம்' என்று அதையும் விடாமல் குறித்தார். கடைசியில், 'இந்தத் தாளை வைத்திருந்தவர் இந்த நாட்டவர் என்பது என் கருத்து' என்று எழுதி, பெயரை முழுதாகப் போட்டார்.

அந்தக் கடைசி வரியை யாரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்டது தாளைப் பற்றி. அவர் ஆளைப் பற்றியும் சொன்னார். நாடு ஒரே நாளில் பிரிந்துவிடும். மக்கள் சட்டைப் பையில் இருக்கும் பணம் அப்படிப் பிரிவதில்லை. அடுத்த நாள் காலையில் எல்லைக்கு இருபுறமும் ஒரே நோட்டைக் கொடுத்துத்தான் ரொட்டி வாங்கியிருப்பார்கள். ஐந்து நிமிடம் யோசித்தால் யாருக்கும் தோன்றும். அவருக்குத் தோன்றவில்லை. விடை கைக்கு வந்தபிறகு யோசிப்பது கடினம்.

பெரிய நாட்டுக்குக் கடிதம் போனது. ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. அப்படிப்பட்ட யாரையும் காணவில்லை என்று எங்களிடம் புகார் இல்லை. உடலை நகராட்சி இடுகாட்டின் ஓரத்தில், பெயர் தெரியாதவர்களுக்கான வரிசையில் ஒரு எண் போட்டுப் புதைத்தார்கள். ஃபைல் மூடப்பட்டது. சாட்சிப் பொருளை யாரும் கேட்கப் போவதில்லை என்று இன்ஸ்பெக்டர் நோட்டை எக்ஸ்ரேவிடமே கொடுத்தார்.

"வெச்சுக்குங்க சார். உங்க கைபட்டுக் குளிச்ச நோட்டு."

நாலாவது ஆல்பம், முப்பத்தொன்றாம் பக்கம். தன் கையெழுத்தில் நாட்டின் பெயரை எழுதி ஒட்டினார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் மெதுவாகத்தான் புரட்டுவார். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் அப்படித்தான் புரட்டினார்.

ஏறக்குறைய ஒரு வருடம் ஓடியது. தபாலில் நோட்டு மாற்றிக்கொள்ளும் அந்த வெளிநாட்டுச் சேகரிப்பாளரிடமிருந்து உறை வந்தது. ஆறு நோட்டுகள். அவற்றில் ஒன்றைப் பார்த்ததும் ஏற்கெனவே இருப்பதுதானே என்று ஒதுக்கப் போனார். பாலம், கோதுமைக் கதிர். ஆனால் வலது மேல் மூலையில் தபால்தலை போல ஒரு சின்னத் தாள் ஒட்டியிருந்தது. அதில் வேறு ஒரு நாட்டின் முத்திரை. கூடவே நண்பர் எழுதியிருந்தார்: 'சின்ன நாடு பிரிந்தபோது சொந்த நோட்டு அச்சாகவில்லை. ஐந்து மாதம் பழைய நோட்டிலேயே இந்த ஸ்டாம்பை ஒட்டிப் புழங்கினார்கள். மட்டமான பசை. ஈரம் பட்டால் விழுந்துவிடும். இதையாவது கழுவாதீர்கள்.'

அவரிடம் இருந்த கேட்டலாக் நாடு பிரிவதற்கு முன்பே அச்சானது.

அவர் எழுந்து நாலாவது ஆல்பத்தை எடுத்தார். இரண்டு நோட்டுகளையும் பக்கத்தில் வைத்தார். ஸ்டாம்ப் இருந்த இடமும் வெளிறிய சதுரமும் அளவில் ஒன்றாக இருந்தன. அளவுகோல் வைத்தும் பார்த்தார். விரலில் ஒட்டிய அந்தத் துணுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆல்பத்தை மூடி பீரோவில் வைத்தார்.

பத்தொன்பது நாட்கள் அவர் யாரிடமும் சொல்லவில்லை. வேலைக்குப் போனார், வந்தார். மூச்சை அடக்கச் சொன்னார், விடச் சொன்னார். புதைத்தது புதைத்ததுதானே என்று ஒரு நாள் தோன்றியிருக்கும். ஒரு சதுரத்தை வைத்து என்ன நிச்சயம் என்று இன்னொரு நாள். மாடியில் இருக்கும் டாக்டர் எத்தனை தப்பு பண்ணியிருக்கிறார், எவன் கேட்டான் என்றும் தோன்றியிருக்கலாம். ஒருவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் காரணங்களில் பொய் ரொம்பக் குறைவாகத்தான் இருக்கும். அதனால்தான் அவை இவ்வளவு நாள் தாங்குகின்றன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, ரெண்டு வாரமா ராஜாக்களை வெளிய விடவே இல்ல. சண்டையா?"

அவர் சொன்னார். முதலில் நோட்டைப் பற்றி, பசையைப் பற்றி, கேட்டலாக் பழையது என்பதைப் பற்றி. மனைவி கையிலிருந்த சட்டையை மடியில் வைத்தார்.

"சுத்தி வளைக்காதீங்க. அப்ப அந்த ஆளு வேற நாடா?"

"இருக்கலாம்."

"இருக்கலாமா, இருக்கா?"

"...ஆமா."

"அவங்க வீட்டுக்கு யாரும் எழுதவே இல்ல."

"நான்தான் தப்பான ஊரைச் சொல்லிட்டேனே. எப்படி எழுதுவாங்க?"

"எத்தனை நாளாத் தெரியும்?"

அவர் சொன்னதும் மனைவி, "நம்ம பொண்ணு ஊருக்குப் போய்ச் சேந்துட்டேன்னு ஃபோன் பண்ண அரைமணி லேட்டானா, நீங்க வாசலுக்கும் வீட்டுக்கும் எத்தனை தடவை நடப்பீங்க?" என்றார். மறுபடியும் சட்டையை எடுத்து மடிக்கத் தொடங்கினார். "காலையில போங்க. சாப்பிட்டுட்டுப் போறேன் அது இதுன்னு நிக்காதீங்க."

மறுநாள் எக்ஸ்ரே முதலில் பிணவறைக்குப் போனார். அது அவருடைய அறையிலிருந்து நடைபாதையில் முப்பது அடி தூரம்தான். பிணவறைக்காரர் வாளியில் ரப்பர் செருப்பைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாண்ணே. இந்தப் பக்கம் வரமாட்டியே. என் ஆளுங்க எவனும் எழுந்து உன் மெஷின்கிட்ட வந்து நிக்கறானா?"

"போன வருஷம் துறைமுகத்துல ஒதுங்கினவன். எந்த இடத்துல புதைச்சாங்கன்னு தெரியுமா?"

"அந்தக் கடைசி வரிசைதான். வண்டியில நான்தான் போனேன்." பிணவறைக்காரர் செருப்பைத் தட்டினார். "ஆனா இப்ப அங்க இல்லண்ணே. வருஷம் முடிஞ்சா அந்த வரிசையைக் கிளறிடுவாங்க. இடம் பத்தாதுல்ல. எலும்பெல்லாம் பின்னாடி பெரிய குழிக்குப் போயிடும்."

"எப்போ?"

"போன வாரத்துக்கு முந்துன வாரம். வெள்ளிக்கிழமைன்னு நினைக்கறேன். ஏண்ணே, சொந்தமா?"

எக்ஸ்ரே இல்லை என்று தலையாட்டினார். அங்கேயே நடைபாதையில் நின்று விரல்விட்டுப் பின்னோக்கி எண்ணிப் பார்த்தார். உறை வந்த பதினோராம் நாள் தோண்டியிருக்கிறார்கள். பத்து நாட்கள் மண் அப்படியேதான் இருந்திருக்கிறது.

இன்ஸ்பெக்டர் முழுவதையும் கேட்டார். இந்த முறை நகைச்சுவை எதுவும் வரவில்லை.

"ஏன் சார் ஒரு வருஷம் கழிச்சு வந்து இப்படிக் குண்டைத் தூக்கிப் போடறீங்க?" என்றார் கடைசியில். இருந்தாலும் சின்ன நாட்டுக்கு எழுதினார். நாலு வாரத்துக்குள் பதில் வந்துவிட்டது. அந்த மழை மாதத்துக்குச் சற்று முன்பு, இந்தத் துறைமுகம் வழியாகப் போன ஒரு சரக்குக் கப்பலில் வேலை பார்த்த ஒருவனைக் காணவில்லை. அவனுடைய அக்கா புறப்பட்டு வருகிறாள்.

வந்தாள். நாற்பதை ஒட்டிய வயது, பள்ளிக்கூடத்தில் தரை துடைக்கும் வேலை. பயணத்துக்காக யாரிடமோ இரவல் வாங்கிய மழைக்கோட்டு தோளில் பெரிதாக இருந்தது. அவள் மொழி ஊரில் யாருக்கும் தெரியாது. கடைசியில் ஓய்வுபெற்ற கப்பல் சமையல்காரர் ஒருவரைப் பிடித்துவந்தார்கள்.

"முன்னாடியே சொல்லிடறேன் சார்" என்றார் சமையல்காரர். "அவங்க பாஷையில எனக்குச் சாப்பாடும் கெட்ட வார்த்தையும்தான் சரளமா வரும். மத்ததை மெதுவாச் சொல்லுங்க."

இன்ஸ்பெக்டரின் மேசையைச் சுற்றி நாலு பேரும் உட்கார்ந்தார்கள். அக்கா ஒரு புகைப்படத்தை வைத்தாள். தொப்பி போட்ட, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிய இளைஞன். அதை வைத்துச் சொல்ல எதுவும் இல்லை. உயரம் கிட்டத்தட்டச் சரியாக இருந்தது. கிட்டத்தட்ட அந்த உயரத்தில் யார்தான் இல்லை?

"உடம்புல வேற ஏதாவது அடையாளம்?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

அவள் தன் இடது தோளைத் தொட்டுக் காட்டிப் பேசினாள்.

"சின்ன வயசுல கூரையிலேர்ந்து விழுந்துட்டானாம்" என்றார் சமையல்காரர். "இந்த எலும்பு ஒடிஞ்சு கோணலா ஒட்டிக்கிச்சாம். எக்ஸ்ரே எடுத்தா இன்னிக்கும் தெரியுமாம். உடம்பை எங்க வெச்சிருக்கீங்கன்னு கேக்கறாங்க."

எக்ஸ்ரே மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காறை எலும்பு ஒடிந்து கோணலாகச் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வாரத்துக்கு இரண்டு பார்ப்பவர். அந்த உடல் ஆறு வாரம் அவருடைய இயந்திரத்திலிருந்து முப்பது அடியில் கிடந்தது. யாரும் ஒரு ஃபிலிம் எடுக்கச் சொல்லவில்லை, அவரும் எடுக்கலாமா என்று கேட்கவில்லை. காகிதத்தைப் பார்க்கச் சொன்னார்கள், காகிதத்தைப் பார்த்தார். ஃபிலிம் இல்லாவிட்டால் போகட்டும், உறை வந்த அன்றே பேசியிருந்தால் எண் போட்ட குழியில் அந்த எலும்பாவது இருந்திருக்கும். பெரிய குழியில் ஒடிந்த எலும்புகள் எத்தனையோ. எது யாருடையது?

உடல் இல்லை என்பதை இன்ஸ்பெக்டர் சொன்னார். சமையல்காரர் அதைச் சொல்ல வெகுநேரம் எடுத்துக்கொண்டார். அவள் அழவில்லை. நோட்டைக் கேட்டாள்.

எக்ஸ்ரே அதை எடுத்து அவள் முன் வைத்தார். கழுவி, அழுத்தி, புத்தம்புதிதாக இருந்தது. அவள் கையில் எடுத்துப் புரட்டினாள். முகத்தில் ஏதோ ஒன்று விலகியது.

"இது அவனோடது இல்லைங்கறாங்க. அவன் பத்திரமா வெச்சிருந்தது புது நாடு ஆனதும் வாங்கின மொத சம்பளத்துல ஒரு நோட்டு. அதுல ஸ்டாம்ப் ஒட்டியிருக்கும். அம்மாதான் பை தைச்சுக் குடுத்தாங்களாம். இது சும்மா பழைய நோட்டு, யார்கிட்ட வேணும்னாலும் இருக்கும்னு சொல்றாங்க."

"ஸ்டாம்ப் இருந்தது" என்றார் எக்ஸ்ரே. "நான் கழுவினப்போ விழுந்துடுச்சு. இந்தச் சதுரத்தைப் பாக்கச் சொல்லுங்க."

அவள் பார்த்தாள். பிறகு ஃபைலில் இருந்த அறிக்கையைச் சுட்டிக்காட்டி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். இன்ஸ்பெக்டர் படித்தார். வெளிறிய சிறு சதுரம்; மடிப்பில் ஏற்பட்ட தேய்மானம். கீழே கையெழுத்து.

"நீங்களே தேய்மானம்னு எழுதியிருக்கீங்களேன்னு கேக்கறாங்க."

"அப்போ தெரியாது. இப்போ தெரியும். பத்தொன்பது நாள் தெரிஞ்சும் நான் சொல்லாம இருந்தேன். அதுக்குள்ள தோண்டிட்டாங்க. அதையும் சொல்லுங்க."

சமையல்காரர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். "இது வேணுமா சார்?"

"சொல்லுங்க" என்றார் எக்ஸ்ரே.

சொன்னார். அவள் எக்ஸ்ரேவை நேராக, நெடுநேரம் பார்த்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். சமையல்காரர் அதை மொழிபெயர்ப்பதற்கு முன்பே அது என்ன என்று எல்லோருக்கும் புரிந்தது.

"அந்த ஸ்டாம்பை உங்க கண்ணால பாத்தீங்களா?"

இன்ஸ்பெக்டர் மெதுவாக, அவளுக்குப் புரியாத மொழியில், "சார், பாத்தேன்னு நீங்க எழுதிக் குடுத்தா நான் ஃபைல்ல அவங்க தம்பி பேரைப் போட்டுருவேன்" என்றார். "அவங்க இறப்புச் சர்டிபிகேட்டை வாங்கிட்டு ஊருக்குப் போயி, ஒரு முழு அழுகை அழுதுட்டு, அவங்க வேலையைப் பாப்பாங்க. அவ்வளவுதான். யோசிச்சுப் பேசுங்க."

எக்ஸ்ரே யோசித்தார். தட்டில் மிதந்தது ஒரு துணுக்கு. சவ்வு போல இருந்தது. அதில் முத்திரை இருந்ததா, நிறம் இருந்ததா? அவர் பார்க்கவில்லை. விரலை உதறினார், அவ்வளவுதான்.

"இல்ல" என்றார். "ஏதோ ஒண்ணு மிதந்தது. நூல்னு நினைச்சு எறிஞ்சுட்டேன். அது ஸ்டாம்ப்தான்னு நான் பாக்கல."

சமையல்காரர் அதை மொழிபெயர்த்து முடித்ததும் அவள் கண்ணை மூடினாள். திறந்தபோது அவள் முகம் வந்தபோது இருந்ததைவிட இளமையாக இருந்தது. நோட்டை அவர் பக்கம் தள்ளினாள். எழுந்து, அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள்.

"நன்றி சொல்றாங்க" என்றார் சமையல்காரர், யார் முகத்தையும் பார்க்காமல். "இந்த ஊர்ல பொய் சொல்லாத ஒரு ஆளைப் பாத்துட்டேன்னு சொல்றாங்க. தம்பி உயிரோடதான் இருக்கான், அம்மாகிட்ட அப்படியே சொல்லிடறேன்னு."

அன்று வீட்டில் மனைவி கேட்டார்: "ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"பாக்காததைப் பாத்த மாதிரி எழுதித்தானே இவ்வளவும் வந்துது."

"அது உங்க மனசுக்குச் சரி. அந்தம்மாவுக்கு?"

இதில் அவர் செய்தது சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னார். அந்த உண்மையைக் கேட்டு ஒருத்தி பொய்யான ஒன்றை நம்பிக்கொண்டு ஊருக்குப் போனாள். இரண்டும் ஒரே வாக்கியத்தில் நடந்தன.

அக்காவின் முதல் கடிதம் ஆறு மாதம் கழித்து மருத்துவமனை முகவரிக்கு வந்தது. போலீசுக்கு எழுதவில்லை, அவருக்குத்தான் எழுதியிருந்தாள். சமையல்காரர் படித்துச் சொன்னார். துறைமுகத்து மருத்துவமனை என்பதால் காயம்பட்ட கப்பல்காரர்கள் அங்கேதான் வருவார்கள்; தம்பி எங்காவது அடிபட்டு, நினைவு தப்பி, பெயர் மறந்து இருக்கலாம். இடது காறை எலும்பு கோணலாக உள்ள யாராவது ஃபிலிமில் தென்பட்டால் எனக்கு எழுதுங்கள். நீங்கள் பார்த்ததைத்தான் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இல்லை, வேண்டாம், அவன் இறந்துவிட்டான் என்று எழுதலாமா என்று சமையல்காரரிடம் கேட்டார். "எழுதலாம் சார். ஆனா அதை நீங்க பாத்தீங்களான்னு திருப்பிக் கேப்பாங்க" என்றார் அவர்.

அதனால் அவர், 'இந்த ஆறு மாதத்தில் அப்படி யாரும் வரவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்படி எழுதுவதற்காகவே அவர் பார்க்கவும் வேண்டியிருந்தது. இருமலுக்கு நெஞ்சுப் படம் எடுக்க வந்தவன் கப்பல்காரனாக இருந்தால், ஃபிலிம் இன்னும் ஈரமாக இருக்கும்போதே இடது காறை எலும்பைத்தான் அவர் கண் முதலில் தேடியது. இருக்காது என்று தெரிந்து தேடுவது எப்படிப்பட்ட வேலை என்று ஒருநாள் அவரிடம் கேட்டேன். "வேலைதான்" என்றார்.

கடிதங்கள் நிற்கவில்லை. அம்மா அவன் கட்டிலை யாருக்கும் கொடுக்க விடவில்லை என்று ஒன்றில் இருந்தது. அம்மாவுக்குக் கண் தெரியவில்லை, ஆனால் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்துவிடுகிறாள் என்று இன்னொன்றில். அவர் ஓய்வுபெற்ற பிறகும் மருத்துவமனையிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள். இவர் உடனே கிளம்பிப் போய், அவர் இடத்துக்கு வந்த புது ஆளிடம் விசாரித்துவிட்டுத்தான் பதில் எழுதுவார். சமையல்காரர் இறந்தபிறகு, அகராதி வைத்துக்கொண்டு தானே படித்தார்.

சென்ற வருடக் கடிதத்தில், தம்பிக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது ஆகிறது, எங்கள் குடும்பத்தில் சீக்கிரம் நரைத்துவிடும், பழைய புகைப்படத்தை மட்டும் வைத்துத் தேடாதீர்கள் என்று எழுதியிருந்தாள். முடியை வெள்ளையாக்கி யாரையோ கொண்டு வரையவைத்த ஒரு பென்சில் படமும் உள்ளே இருந்தது. அவர் அதைப் புகைப்படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு மருத்துவமனைக்குப் போனார். திரும்பி வந்து, அப்படி யாரும் வரவில்லை என்று எழுதினார்.